படி இறங்கும் வாசனை

பாட்டில் கவிழ்ந்ததும் ஜெயப்பிரியா முதலில் தூக்கியது பட்டுப்புடவையைத்தான்.

கோயிலுக்குக் கட்ட எடுத்து வைத்தது. அகலுக்கு எண்ணெய் ஊற்றும்போது முந்தானையில் நாலு சொட்டு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தின்பண்டம் சோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. முறுக்கில் எவ்வளவு எண்ணெய் என்று பெட்ரோலியம் ஈதர் ஊற்றிப் பிரித்துப் பார்ப்பார்கள். முறுக்கு எண்ணெயையே கழற்றுகிறது, முந்தானைக் கறையை விடுமா என்று ஒரு பாட்டில் வீட்டுக்கு வந்துவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அங்கே பாதுகாப்புப் பாடம் எடுப்பதும் இதே அம்மணிதான்.

தான் இருக்கும் கோவில்பதாகைக் குடியிருப்பை மட்டும் விட்டாளா? கீழ்ப்படி சுவிட்சில் நீலமாகப் பொறி அடிக்கிறது என்று ஒவ்வொரு அசோசியேஷன் கூட்டத்திலும் எழுந்து நிற்பாள்.

"பொறி வந்தாத்தான் பல்பே எரியுது. உட்டுடும்மா" என்றாள் கீழ்வீட்டு சுசீலா. மொத்தக் கூட்டமும் சிரித்தது.

இப்போது கூடம் முழுக்க ஈதர் தண்ணீர்போல ஓடியது. கால்விரல்கள் ஐஸில் வைத்த மாதிரி சில்லிட்டன. கொசுவுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது.

ஃபேன் போட நீண்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். சுவிட்சில் ஒரு பொறி போதும்.

இந்த ஆவி மேலே போகாது. காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து, கதவிடுக்கில் புகுந்து, மாடிப்படியில் இறங்கும்.

கதவைத் திறந்தாள்.

கார்த்திகை. சுசீலா படிக்கு ஒன்றாக அகல் ஏற்றிக்கொண்டே மேலே வந்துகொண்டிருந்தாள். பாதிப் படிவரை சுடர்.

"அக்கா! வெளக்கெல்லாம் அணைச்சிடுங்க!"

சுசீலாவின் முகம் கறுத்தது.

"இன்னாம்மா, நல்ல நாளும் அதுவுமா..." என்று ஆரம்பித்தவள் மூக்கைச் சுளித்தாள். பெட்ரோல் பங்க் வாசனை.

வம்புக்காரியே தவிர மந்தமானவள் இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசியாக ஏற்றிய படியிலிருந்து ஒவ்வொரு திரியாக எண்ணெய்க்குள் விரலால் அமுக்கிக்கொண்டே இறங்கினாள். அந்த அவசரத்திலும் ஒன்றைக்கூட வாயால் ஊதவில்லை.

கடைசி அகலும் அடங்கியது. படிக்கட்டு இருண்டது.

ஜெயப்பிரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தலை சுற்றியது. நாக்கு தடித்துப் போயிருந்தது. பிழைத்தோம் என்று நினைத்தாள்.

கணுக்காலைச் சில்லென்று உரசிக்கொண்டு ஏதோ கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

அடியிலிருந்து சுசீலாவின் குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அன்பாக.

"இருட்டுல தடுக்கி உயுந்துடாத கண்ணு. அங்கியே நில்லு, லைட்டப் போடறேன்."

ஜெயப்பிரியா கத்தத்தான் வாயைத் திறந்தாள். இருமல் வந்தது.

கீழே, சுவரைத் தடவும் வளையல் சத்தம் கேட்டது.