உப்புக் காப்பி

போன நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், எங்கள் கீழ்வீட்டு நெஃபிஸே சொன்னாள். இஸ்தான்புல்லில் இருக்கும் அவளுடைய அண்ணி ஹனிஃபே வீட்டில் நடந்தது இது. ஹனிஃபே கருங்கடல் ஓரத்து ரிஸே மலையூர்க்காரி, ஊர்ப்பேச்சு இன்னும் அவள் நாக்கை விட்டுப் போகவில்லை.

"அம்மா, அவங்க வந்தா நீ வாயே திறக்காதே. சிரி, தலையாட்டு, போதும்" என்றாள் மகள் சினெம்.

"பெத்தவ பேசாம இருந்தா நல்லாவாட்டி இருக்கும்? உங்க அப்பாவும் இல்ல. பொண்ணு கேக்கையில நாந்தான பதில் சொல்லணும்?"

"பார்த்தியா, இப்பவே ரிஸே மலை இறங்கி வருது. பதில் ஒரே ஒரு வரி. சொல்லிக் கொடுத்தேனே, சொல்லு."

ஹனிஃபே பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். "தங்கள் விருப்பப்படியே ஆகட்டும். என் மகளைத் தங்கள் இல்லத்திற்குத் தருகிறேன்."

"ம்... இப்பத்தான் டிவியில பேசற மாதிரி இருக்கு" என்றாள் சினெம்.

மகளைக் குறை சொல்ல ஹனிஃபேவுக்கு மனம் வரவில்லை. போன வருஷமும் ஒரு குடும்பம் பெண் கேட்டு வந்தது. அன்றைக்கு அவள் வாய் நிறையப் பேசினாள். அவர்கள் படியிறங்கும்போது அவள் பேச்சைப் பேசிக்காட்டிச் சிரித்தது மாடிவரை கேட்டது. பிறகு ஒரு போன்கூட இல்லை.

இதுவும் தன் நாக்கால் கெட்டுவிடுமோ? பிற்பகல் அஸர் தொழுகையில் அவள் கேட்டது ஒன்றுதான். "அல்லாவே, எந் நாக்கக் கட்டிப் போடு."

மாப்பிள்ளை ஓனுரும் பெற்றோரும் பூங்கொத்தோடு வந்தார்கள். அப்பா நன்றாகப் பேசினார். அம்மா முகெர்ரெம் மட்டும் பட்டு முக்காட்டோடு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை இல்லை. எதைக் கேட்டாலும் லேசாகத் தலையசைப்பு.

'அசல் இஸ்தான்புல் சீமாட்டி. நான் இருமினாலே எந்த ஊர்னு கண்டுபிடிச்சிருவா.'

ஹனிஃபேவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சொல்லிக் கொடுத்த வரியில் பாதி மறந்துவிட்டது. எழுந்து அடுப்படிக்கு ஓடினாள்.

சினெம் காப்பியைக் கோப்பைகளில் ஊற்றிவிட்டு, தலை வாரப் போயிருந்தாள். தட்டின் ஓரத்துக் கோப்பையில்தான் நுரை கெட்டியாக நின்றது. நல்ல நுரையைச் சம்பந்திக்குத் தராமல் வேறு யாருக்குத் தருவது? அதை எடுத்து முதலில் வைத்தாள்.

பெண் கேட்டு வரும் மாப்பிள்ளைக்கு மணப்பெண் உப்புப் போட்ட காப்பி கொடுத்து, முகம் சுளிக்காமல் குடிக்கிறாரா என்று பார்க்கும் வழக்கமே அந்தப் பயத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஓரத்துக் கோப்பை ஓனுருக்கென்று சினெம் உப்புப் போட்டு வைத்தது.

சினெம் வந்தாள், கோப்பை இடம் மாறியது தெரியாமல் தட்டைத் தூக்கினாள், முகெர்ரெமிலிருந்து வரிசையாகக் கொடுத்தாள். முகெர்ரெம் ஒரு வாய் உறிஞ்சினாள்.

"அட ஆண்டவனே, என்றா இது, உப்ப அள்ளிக் கொட்டிப்போட்டாங்க. வாயெல்லாம் வெந்துபோச்சு கண்ணு."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அது இஸ்தான்புல் பேச்சே இல்லை. தூரக் கிழக்கே, பனி கொட்டும் எர்சுரும் பக்கத்துப் பேச்சு.

"அம்மா..." என்று பல்லைக் கடித்தான் ஓனுர்.

"போடா. வாயத் தொறந்தா மானம் போயிரும், ஊமையாட்டம் உக்காருன்னு சொல்லிப்போட்டே. உப்புத்தண்ணிய எப்படிடா ஊமையாட்டம் முழுங்கறது?"

ஹனிஃபே மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அல்லாவின் கட்டளைப்படியும் நபியவர்களின் சொல்படியும் பெண்ணைக் கேட்டார்.

ஹனிஃபே வாயைத் திறந்தாள். மனப்பாடம் செய்த வரி வரவில்லை. சினெம் உதட்டசைத்துக் காட்டினாள். அப்போதும் வரவில்லை.

"எம் மவள உங்களுக்குத்தான் தாரேன்" என்றாள் கடைசியில், ரிஸே பேச்சில். "ஆனா ஒண்ணு. பேரப்பிள்ள பொறந்தா நாங்க ரெண்டு பேரும் அதுகிட்ட எங்க பேச்சப் பேசுவோம். அப்ப யாரும் எங்க வாய மூடச் சொல்லப்படாது."

"அப்படிக் கேளுங்க சம்பந்தி" என்றாள் முகெர்ரெம்.

படித்துப் பெரியவர்களாகிவிட்ட என் பிள்ளைகளிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்கிறேன். அடுத்த முறை வீட்டுக்கு விருந்தாளி வந்தால், அம்மாவையும் கொஞ்சம் பேச விடுங்கள்.