மூன்றாவது வரியில் ஓர் இருமல்

கவிதையின் மூன்றாவது வரியில் மாணவி க்ளோடாவும் இருமினாள். காலையிலிருந்து இது பதினோராவது இருமல். ஐரிஷ் மொழி வாய்மொழித் தேர்வு நடத்த அந்தப் பள்ளிக்கு வந்த ஃபெலிம் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"போன வருஷம் இந்த ஊர்ல நெஞ்சுச் சளியோட நான் பட்ட பாடே போதும்மா. உடம்பு சரியில்லாம ஏன் வந்த?"

"எனக்குச் சளியெல்லாம் இல்ல சார்."

அவருக்குச் சுருக்கென்றது. கவிதையிலேயே வாயில் நுழையாத சொல் அந்த வரியில்தான் இருந்தது. பதினோரு பேரும் சரியாக அந்த இடத்தில்தான் இருமியிருக்கிறார்கள். ஐரிஷ் டீச்சர் நோரீனை உள்ளே கூப்பிட்டார்.

"கஷ்டமான வார்த்தைய இருமலுக்குள்ள ஒளிச்சு வைக்க நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா டீச்சர்?"

"ஐயோ, இல்ல சார். உச்சரிப்பு எப்படி இருக்கு?"

"தேன் மாதிரி இருக்கு. அதான் சந்தேகமே."

பதினாலு வருஷம் படித்தும், கழிவறைக்குப் போக அனுமதி கேட்பதைத் தவிர ஐரிஷில் வேறெதுவும் வராத பிள்ளைகள். போன வருஷத் தேர்வில் அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். அடுத்த வகுப்பாவது உருப்படட்டும் என்று, இவர்கள் முன்னால் நின்று அதே கவிதையைத் தானே படித்துக் காட்டிவிட்டுப் போனார். இந்த வருஷம் என்னடாவென்றால், எல்லாரும் அவர் பிறந்த டோனிகல் கடற்கரைக்காரர்கள் மாதிரியே படிக்கிறார்கள்.

ஃபெலிம் பேனாவைத் திறந்தார். க்ளோடா அந்தப் பேனா முனையையே பார்த்தாள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆவதுதான் அவள் கனவு. ஐரிஷில் நல்ல மதிப்பெண் இல்லாவிட்டால் அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

"உண்மையச் சொல்லிடு. இல்லேன்னா கவிதைக்கு உண்டான மார்க் மொத்தமும் போயிடும். நீ மட்டும் இல்ல, பதினோரு பேருக்கும்."

அவள் டீச்சரைப் பார்த்தாள். நோரீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ் இந்தக் கவிதைய ஃபோன்ல பதிஞ்சு வச்சிருந்தாங்க சார். தெனமும் போட்டுப் போட்டு, ஒரு மூச்சுகூட மாறாம அப்படியே படிக்கணும்னு சொன்னாங்க. ஆறு மாசமாப் பழகினோம்."

"யாரு குரல் அது? எந்தப் புண்ணியவான் அங்க இருமினான்?"

க்ளோடா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் சார்."