பண்ணை மூங்கில்

மூங்கில் புதரில் முதல் வெட்டு விழுந்ததும் பண்ணைப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள்.

அவளும் அழுதாள்.

அளவாக.

காலையிலேயே காரியக்காரர் உக்கிரபாண்டி வந்து சொல்லிவிட்டிருந்தார். ராஜா போய்விட்டார். பாடைக்கு மூங்கில் இந்தப் பண்ணையிலிருந்துதான் போகவேண்டும். தலைமுறை தலைமுறையாக அரண்மனை வழக்கம் அது. வெட்டுகிறவர்களோடு ராணியின் தம்பியும் வருகிறார்.

"அவரு மூங்கிலுக்காக வரல தாயி. பண்ணைல ராஜாவுக்கு ஒருத்தி இருக்கான்னு அவர் காதுல விழுந்திருக்கு. யாருன்னு தெரியல. ஊரு அழுகிற அளவுக்கு அழு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். தெரிஞ்சா பிள்ளைய உயிரோட விடமாட்டாக."

ராணிக்குப் பிள்ளை இல்லை.

இவள் இடுப்பில் இருந்தது. மூன்று வயது.

பக்கத்தில் நின்ற மாடத்தியைப் பார்த்துப் பார்த்து அழுதாள். மாடத்தி மூக்கைச் சிந்தினால் இவளும் சிந்தினாள். மாடத்தி "எங்க மகராசா" என்றால் இவளும் "எங்க மகராசா" என்றாள். ஊரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஆறு வருடம். கரும்பு பார்க்க வருவதாகப் பேர். கரும்பு எந்த மாதம் வெட்டுவது என்று கடைசிவரை அந்த மனுஷருக்குத் தெரியாது. பாவி, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்.

ராணியின் தம்பி புளியமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவள் முகத்துக்கு வந்தார்.

தாண்டிப் போனார்.

பிழைத்தோம் என்று நினைத்தாள். மூங்கிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

வெட்டுகிற சுடலை இரண்டு மூங்கிலைத் தரையில் நீட்டிப் போட்டான். கத்தி நுனியால் குறி கீறினான்.

செத்த ராஜாவின் உடம்பை நூல் பிடித்து அளக்கக் கூடாது. அதுவும் அரண்மனை வழக்கம். எல்லாம் கண்மதிப்புதான். அங்கே நின்றவர்கள் அவரைக் குதிரை மேல் பார்த்தவர்கள். நாற்காலியில் பார்த்தவர்கள்.

அவர் படுத்திருக்கப் பார்த்தவர் ஒருவருமில்லை.

அவள் குறியைப் பார்த்தாள்.

போதாது.

கால் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். அரண்மனையிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும், வெயிலில், ஊரே பார்க்க. அவள் மடியில் போட்டுப் பிடித்துவிட்ட கால்.

வாயை மூடு, வாயை மூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளையை இறுக்கினாள். அது சிணுங்கியது.

சுடலை கத்தியை ஓங்கினான்.

"அண்ணே, இன்னும் ஒரு சாண் விட்டு வெட்டுங்க. அவுகளுக்குக் காலு வெளிய நிக்கும்."

ஓங்கிய கத்தி இறங்கவில்லை. மாடத்தியின் அழுகை பாதியில் நின்றது. உக்கிரபாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

ராணியின் தம்பி எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளையைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"அந்தம்மா சொல்ற அளவுக்கே வெட்டு" என்றார் சுடலையிடம்.

அவள் பிள்ளையை மாடத்தியின் கையில் திணித்தாள். "ஓடு" என்று சொல்ல நினைத்தாள். எங்கே ஓடச் சொல்வது?

நேரே போய் மூங்கிலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். குறிக்கு அப்பால் தன் கையை விரித்து ஒரு சாண் வைத்தாள்.

அதற்கும் மேலே நாலு விரல் வைத்துக் காட்டினாள்.