கர்னல் படுத்த தரை

"யோவ் எலிஹியோ, இனிமே உன் வீட்டுல உட்கார்ந்து ஆட என் மூக்கால முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த மூத்திர நாத்தம் போகலன்னா, ஆட்டத்தை என் வீட்டுக்கு மாத்திடுவேன்!"

ஃபாபியோ மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தான். அவனோடு ஜோடி சேர்ந்து ஆடும் டூலியோவும் எழுந்தான். இருவரும் அன்றைக்கும் தோற்றிருந்தார்கள். தோற்றவனுக்கு எதைப் பார்த்தாலும் குறைதான். ஆனால் நாற்றம் பொய்யில்லை.

அது கார் நிறுத்தக் கட்டிய கான்கிரீட் கொட்டகை. எலிஹியோவிடம் கார் கிடையாது. அதனால் அங்கே டோமினோ மேஜை நின்றது. மேஜையைச் சுற்றி நான்கு நாற்காலிகள், நாற்காலிகளைச் சுற்றி அவனுடைய நாய் கர்னல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காய்களைப் பங்கு போட்டதும் கர்னல் எல்லாரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். படுப்பதற்கு முன் அந்த நாற்காலியின் காலில் ஒரு சொட்டு அபிஷேகம். வருஷக்கணக்கில் தரை அதைக் குடித்திருந்தது. மழை பெய்தால் குடித்ததையெல்லாம் ஏப்பம் விட்டது.

"நாயைக் கொல்லையில கட்டிப்போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போய் எதுக்கு இடத்தை மாத்தணும்?" என்றான் பியென்வெனிடோ. அவன் எலிஹியோவின் ஜோடி. கூடச் சேர்ந்து ஜெயிப்பவனுக்கு இடம் மாற மனசு வருமா?

"கர்னல் பக்கத்துல இல்லாம நான் காயைத் தொட மாட்டேன். அவன் எனக்குப் புள்ள மாதிரி." எலிஹியோ கர்னலின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"அப்போ புள்ளைக்குக் கழுவி விடு. என் வீட்டுக்குள்ள நாயைச் சேர்க்க மாட்டேன். சொல்லிட்டேன்!"

மோக்கா ஊரில் அந்தப் பக்கம் எலிஹியோவை டோமினோவில் அடிக்க ஆளில்லை. இரண்டு பாதியிலும் ஆறு புள்ளி போட்ட ஆறு-ஆறு காய் யார் கையில் இருக்கிறது என்று அவனுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். அதை இறக்க முடியாதபடி வழியை அடைத்து, வைத்திருப்பவனைக் கடைசிவரை முழிக்க வைப்பான். எப்படி என்று கேட்டால், "எல்லாம் அல்தகிராசியா மாதா குடுத்த வரம்" என்பான். ஃபாபியோ வீட்டுக்கு ஆட்டம் போய்விட்டால் இந்தப் பேரெல்லாம் காற்றோடு போச்சு.

மறுநாளே எலிஹியோ குளோரின் பாட்டிலோடு இறங்கினான்.

"ஏய்யா, அதை ஊத்தாத. மூத்திரத்தோட சேர்ந்தா இன்னும் குமட்டும்" என்றாள் மனைவி நெரெய்தா.

ஊற்றினான். குமட்டியது. இருவரும் கண்ணில் நீர் வழியத் தெருவுக்கு ஓடினார்கள்.

"நான் சொல்லி நீ என்னைக்குக் கேட்டிருக்க? தள்ளு!"

அதற்குப் பிறகு நெரெய்தாவின் ராஜ்ஜியம். வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் குளோரினை அலசித் தள்ளி, ஒரு நாள் காயப்போட்டாள். பிறகு சோப்பும் பிரஷும், அதற்குப் பிறகு வினிகர், கடைசியாகச் சமையல் சோடா.

"சிமெண்டுத் தரைக்கு உடம்பெல்லாம் ஓட்டைய்யா. மேலாக்க துடைச்சா வேலைக்காகாது. மூத்திரம் எவ்வளவு தூரம் இறங்கிச்சோ அவ்வளவு தூரம் வினிகரும் இறங்கணும். தேய், நல்லாத் தேய்!"

சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத மனுஷன் முட்டி தேயத் தேய்த்தான். தெருப் பெண்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நாய்மேல இவருக்கு எம்புட்டுப் பாசம்!"

"நான் காய்ச்சல்ல கிடந்தப்போகூட இந்த ஆளு ஒரு டம்ளர் கழுவினதில்ல" என்றாள் நெரெய்தா. சொன்னாளே தவிர, அவளுக்கும் மனசு இளகித்தான் இருந்தது. பாவம், தன் பங்குக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஃபாபியோ மண்டியிட்டுத் தரையை மோந்தான். மூலையை மோந்தான். குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு நின்ற கர்னலையும் மோந்தான்.

"ஒண்ணுமே இல்லையேய்யா! உட்காருங்க, ஆடலாம்."

எலிஹியோ மீசையை நீவிக்கொண்டான். காய்களைப் பங்கு போட்டார்கள். கர்னல் ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்று வந்தது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைபோல் நின்று விழித்தது. பிறகு நேராக அடுப்படிக்குப் போய், அங்கே சலாமி இறைச்சி பொரித்துக்கொண்டிருந்த நெரெய்தாவின் பின்னால் படுத்துக்கொண்டது.

"கர்னல்! டேய், இங்க வாடா, ராஜா!"

"உன் கையில இருக்கிற காயைப் பாருய்யா. நாய் எங்க போச்சுன்னு உனக்கென்ன கவலை?" என்றான் டூலியோ.

எலிஹியோவுக்கு வியர்த்துக் கொட்டியது. முதல் ஆட்டம் போனது. அடுத்ததும் போனது. பியென்வெனிடோ தலையில் கை வைத்துக்கொண்டான். மூன்றாவதில் ஃபாபியோ ஆறு-ஆறை ஓங்கி மேஜையில் அடித்தான்.

"இந்தா! எங்கய்யா உன் மாதா குடுத்த வரம்?"

சலாமித் தட்டோடு வந்த நெரெய்தா புருஷனின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"தோத்துட்டியா? என்னய்யா ஆச்சு?"

"என்னமோ தெரியல. இன்னிக்கு எல்லாமே மாறிக் கிடக்கு" என்று முனகினான் எலிஹியோ.

"என்னத்த மாறிச்சு? எல்லாம் சுத்தமாத்தானே இருக்கு! நீ பட்ட பாட்டைப் பார்த்துட்டு, தரையோட சேர்த்து அந்தக் காய் எல்லாத்தையும் நான்தான் வினிகர்ல ஊறப்போட்டுத் தேய்ச்சேன். மத்ததெல்லாம் சும்மா பளிச்சுன்னு வந்துடுச்சு. அந்த ஆறு-ஆறுல மட்டும்தான், யாரு தடவினாங்களோ, சலாமி வாசம் லேசுல போவேனான்னு அடம்பிடிச்சுது, ரெண்டு தடவை ஊறப்போட்டுத்தான் விரட்டினேன்!"

மூன்று பேரும் மேஜைமேல் கிடந்த ஆறு-ஆறைப் பார்த்தார்கள். பிறகு தட்டையே பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்த கர்னலைப் பார்த்தார்கள். கடைசியாக எலிஹியோவைப் பார்த்தார்கள்.