இருபது வருடம் கழித்து ஒரு தரிசனம்

கண்ட்ரி ராக் கச்சேரி தொடங்க இன்னும் ஐந்து நிமிடம். டெக்சாஸின் பழைய நடனக் கொட்டகையில், லுரீன் தன் கணவனின் விலாவில் இடித்தாள்.

“வெண்டல், அங்க பாரு, அவரேதான்! பார்த்து இருபது வருஷமாச்சு!”

“தொப்பியை வச்சுத்தான் அடையாளமே தெரியுது. தொப்பையும் கைத்தடியுமா ஆயிட்டாரே!”

“அப்போ என்னா ஆட்டம்! இன்னிக்கு ஒரு பாட்டுக்காவது தாங்குவாரா?”

“தாங்கணும். அவர் ஆடினாத்தானே கூட்டமே எழுந்து ஆடும்!”

“நேரமாச்சு!” என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

இருவரும் மேடைத் திரையின் ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்து, கிதாரை மாட்டிக்கொண்டார்கள். திரை விலகியது.

முதல் வரிசையில் அந்தப் பழைய ரசிகர் மனைவியிடம் முனகினார்: “தடியைப் பிடி. முட்டி போனாலும் சரி, ஆடிட்டு வரேன். இல்லேன்னா பாவம், ரெண்டு கிழமும் மேடையிலேயே அழுதுடும்!”