முதல் இடத்தில் அப்பா பெயர்

பரணிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டர் உயிர்பெற்றதும் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவோ அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"ஃப்ளாப்பியைப் போடாதேம்மா. முப்பது வருஷமாச்சு, கெட்டுப்போயிருக்கும்."

"ஒரே ஒரு ஆட்டம்ப்பா. நீங்களும் அம்மாவும் போட்டி போட்டு விளையாடின கேமாச்சே!"

"என்ன போட்டி? இன்னைக்கு நான் ஜெயிப்பேன். மறுநாள் போட்டா முதல் இடத்துல உங்கப்பா பேர்தான் நிக்கும். எனக்கு ராசியில்ல" என்று சிரித்தாள் அம்மா.

கரண்ட் போய்விடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டார் அப்பா.

மகள் ஃப்ளாப்பியை உறையிலிருந்து உருவினாள். "ஓரத்துல இருக்கற வெட்டை டேப் ஒட்டி மூடியிருக்கே! மூடினா புதுசா எந்த ஸ்கோரும் பதியாதே. யார் ஒட்டினது?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"நான்தான். தூசி போகாம இருக்கட்டும்னு ஒட்டினேன்" என்றாள் அம்மா.

மகள் திரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள். அம்மா அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"நீங்க ஒட்டின அன்னைக்கே பாத்துட்டேன். தோத்தா சாப்பிட மாட்டீங்களேன்னுதான் பேசாம இருந்தேன்."

அசடு வழிந்தார்.

"இன்னைக்குப் பட்டினி கிடங்க, பரவாயில்ல" என்று நகத்தால் டேப்பைக் கிள்ளி எடுத்தாள்.