இடது பின்னங்கால்

பஸ் மோதி இடது பின்னங்கால் முறிந்த நாயைச் சண்டிலிப்பாய் ஏரம்பு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மிருக வைத்தியர் ஜெயனி மோர்பின் ஊசி போட்டாள். நாயின் ஓலம் அடங்கியது. அந்த நொடியே ஏரம்பு தன் இடது காலைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்தார். காலில் ஒரு கீறல்கூட இல்லை.

நாயின் மூச்சு மந்தமாகவே, மோர்பினை முறிக்கும் மாற்றூசியைப் போட்டாள். நாய் வீரிட்டது. ஏரம்பு எழுந்து நின்றார்.

"கால் நோகுதோ ஐயா?"

"இல்லை டொக்டர். இப்ப ஒண்டுமில்லை."

நாய் கத்திக்கொண்டேயிருந்தது. மூச்சுச் சீரானதும் மோர்பினைக் குறைந்த அளவில் திரும்பவும் ஏற்றலாம். ஜெயனி ஏரம்புவின் காலைப் பார்த்தாள்; ஊசியைக் கையில் எடுக்கவில்லை.

ஏரம்பு சாரத்தை மடித்துக் கட்டினார். சுவரோர வாங்குப் பலகையில் ஏறி இடது காலை நீட்டிக்கொண்டார்.

"நாய்க்குப் போடுங்கோ பிள்ளை."